ஜால்ரா போட்டவன்

டீ வேண்டாம், மேடம். தப்பாக நினைக்காதீர்கள். பாடுகிற நாள்களில் நான் பால் சேர்த்துக்கொள்வதில்லை. தொண்டையில் சளி கட்டும். இன்று நான் எங்கும் பாடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். பழக்கம் விட மாட்டேன் என்கிறது. கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் போதும்.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். ரைட்டர் சார் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ரகுபதி. ஊர் சேரப்பணஞ்சேரி. எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன் நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் காருக்குக் கதவு ரப்பர் செய்கிற கம்பெனியில் வேலை. ரப்பரில் எங்கே பிசிறு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லிவிடுவேன். என் குரலில் இருக்கிற பிசிறுதான் நாற்பது வயதுவரை என் காதில் விழவில்லை.

பாட்டுக்கு வந்தது ஆயுத பூஜையால். கம்பெனி விழாவில் ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. தெரிந்த ஒரு கும்மிப் பாட்டைக் கத்தினேன். கை தட்டினார்கள். அன்று எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சினிமாப் பாட்டில் சுருதி தப்பினால் சுருதி தப்பிவிட்டது என்பார்கள். கிராமத்துப் பாட்டில் தப்பினால் மண்வாசனை என்பார்கள். அன்றிலிருந்து நான் மண்வாசனைக்காரன்.

‘மதகு’ என்று ஒரு குழு தொடங்கினேன். பெயர் நான் வைத்தது. மதகைத் திறந்தால் ஏரித் தண்ணீர் எப்படிப் பாயுமோ அப்படி எங்கள் பாட்டு பாயும் என்று மேடையில் விளக்கம் சொல்வேன். டோலக்குக்கு அந்தோணிராஜ் வந்தான். பக்கத்துக் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறவன். கோரஸுக்கு லைனில் எனக்குக் கீழே இருந்த சிலரைச் சேர்த்தேன். அவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. தாடி வளர்த்தேன். சிவப்புத் துண்டு போட்டேன். கழுத்தில் ஏதோ ஒரு கொட்டை மாலை. என் மனைவி கலைமதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னாய்யா, கெடா வெட்டப் போறியா?” என்று கேட்டாள்.

எங்கள் குழுவில் சாதி கிடையாது. அதை ஒவ்வொரு மேடையிலும் நானே சொல்வேன். அந்த இடத்தில் கட்டாயம் கைதட்டல் விழும். என் பாட்டுக்கு விழுவதைவிட அதிகமாகவே விழும்.

எழிலரசனைக் கேன்டீனில்தான் முதலில் பார்த்தேன். ஒப்பந்தத் தொழிலாளி. ஒல்லியான உடம்பு, தெற்கத்திப் பேச்சு. சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் ஸ்டீல் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். பறை அடிப்பாயா என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. ஊரில் அடித்ததாகவும், அந்த ஊரை விட்டுத்தான் இங்கே வந்திருப்பதாகவும் சொன்னான். நான் உடனே பறை எப்பேர்ப்பட்ட விடுதலைக் கருவி என்று அவனுக்கு நீளமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவன் பாட்டன் காலத்திலிருந்து தோளில் சுமந்ததைப் பற்றி, போனில் வீடியோ பார்த்தவன் பாடம் நடத்துகிறான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவன் வந்த பிறகுதான் நாங்கள் ஒரு குழு மாதிரி ஆனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் பயிற்சி. அவனோடு அவன் மனைவி மாரிசெல்வியும் வருவாள். ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு பொருத்துகிற வேலை. வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்க் கலைமதிக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். அவள் பாடுவாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எழிலுக்குத் தெரியும். அவன் சொன்னதில்லை.

ஒரு நாள் நான் ஒரு பாட்டில் மேலே ஏற முடியாமல் திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்துகொண்டிருந்தேன். அந்தோணிராஜ் டோலக்கை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “இன்னா தல, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று மரியாதையாகக் கேட்டான். அப்போது வாசலில் தட்டோடு நின்ற மாரிசெல்வி, சும்மா எனக்கு இடம் காட்டுகிற மாதிரி, அவள் ஊர்ப் பாட்டு ஒன்றை எடுத்தாள்.

“கெணத்து மேட்டுல நிக்கிற முருங்க
கேட்டுப் பாரு எங்க ஆத்தாள...”

இரண்டு வரிதான். நிறுத்திவிட்டாள். எழில் பறையைத் தொட்டான், அவள் தொடர்ந்தாள். நான் ஏறுவதற்கே கஷ்டப்படுகிற இடத்துக்கு மேலே அவள் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாக இறங்கினாள். கலைமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள். நான் பாடும்போது அவள் ஷெட்டுக் கதவைச் சாத்துவதுதான் வழக்கம்.

நான்தான் முதலில் கை தட்டினேன், மேடம். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு அவர்கள் கதையைச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே ஊர். அவள் ஊர்த்தெரு. அவன் காலனி. ரிஜிஸ்டர் ஆபீசில் தாலி கட்டிக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவன் திருமலை, எழிலின் வீட்டுக் கூரைக்குத் தீ வைத்திருக்கிறான். “அண்ணே, நான் பாடுதேன். ஆனா எம்மொகம் எதுலயும் வந்திரக் கூடாது. பேரும் வேண்டாம்” என்றாள் மாரிசெல்வி. நான் சரி என்று சொல்லி, மேடைக்கு அவளுக்குத் ‘தென்றல்’ என்று பெயர் வைத்தேன். பாடும்போது முந்தானையால் முக்காடு போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அந்த முக்காடு பார்ப்பவர்களுக்குப் பிடித்துப்போனது. என் தாடியை யாரும் அதற்குப் பிறகு கவனிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் தயங்கித் தயங்கி என்னிடம் போன் கேட்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தன் போனிலிருந்து பேசினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். “ஒங்க நம்பர் அங்க யாருக்கும் தெரியாதுல்லாண்ணே” என்றாள். கொடுத்தேன். ஷெட்டின் மூலையில் உட்கார்ந்து பேசினாள். பேசியது கொஞ்சம், அழுதது நிறைய. அன்று சாயங்காலமே அதே நம்பரிலிருந்து எனக்கு ஒரு ஆண் குரல் வந்தது. யார் பேசுவது, எந்த ஊர் என்று கேட்டது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழில் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அன்றைக்கு நான் நல்லவனாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த நம்பரை நான் அழிக்கவில்லை. ‘மாரி வீடு’ என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அப்போது நிஜமாகவே காரணம் எதுவும் இல்லை.

பிறகு விழா வந்தது. வளர்ந்துவருகிற நாட்டுப்புறக் குழுக்களுக்காக, தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கிற விழா. இந்த மேடையில் எடுபட்டால் சென்னையில் பெரிய மேடை, ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவு எல்லாம் உண்டு. ஏற்பாடு செய்த பெண் ஜாய், அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். எங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு எங்கள் ஷெட்டுக்கே வந்தார். நான் முதலில் நாலு பாட்டுப் பாடினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மாரிசெல்வி ஒரு பாட்டுப் பாடினாள். தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

போகும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். “சார், லீட் அவங்களே பாடட்டும். பறை மட்டும் கூட இருந்தா போதும். நீங்க கோரஸ்ல நல்லா இருப்பீங்க. கையில ஏதாச்சும் வச்சுக்கங்க, ஜால்ரா மாதிரி.”

ஜால்ரா, மேடம். அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். வெண்கலத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். வாங்குவது என்று ஆகிவிட்டால் நல்லதாக வாங்குவது என் குணம். இரண்டு வாரப் பயிற்சியில் அதிலும் நான் தாளம் தப்பினேன். எழில் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே எண்ணிக்கொடுப்பான், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, மற்றவர்களுக்குத் தெரியாமல். அவன் அதைக் கேலியாகச் செய்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

போஸ்டர் வந்தது. நடுவில் முக்காடு போட்ட தென்றல், முகம் தெரியாமல். பக்கத்தில் பறையோடு எழில், தலை குனிந்து. ஓரத்தில் ஒரு கையும் ஒரு ஜால்ராவும். அந்தக் கை நான்தான். கம்பெனி நோட்டீஸ் போர்டில் அதை நானே ஒட்டினேன். என் லைனில் ஒருத்தன், “சார், நீங்க எங்க கீறீங்க?” என்று கேட்டான். விரலை வைத்துக் காட்டினேன்.

நான் எடுத்த எடுப்பில் கெட்ட காரியத்துக்குப் போய்விடவில்லை. முதலில் அவள் தொண்டை கட்டட்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினேன். அவளுக்கு இரண்டு கப். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று நானும் கூடச் சாப்பிட்டேன். அவள் குரல் இன்னும் தெளிவானது. எனக்கு ஒரு வாரம் பேச்சே வரவில்லை. அவள்தான் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மனிதனுக்குத் தீமை செய்யக்கூடத் திறமை வேண்டியிருக்கிறது என்று அப்போது நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த நம்பர் நினைவுக்கு வந்தது.

டீ பிரேக்கில், கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். வேறு போனிலிருந்து பேச வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்கிறவன் எதற்காக ஒளிய வேண்டும். ஆமாம், நல்ல காரியம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தாய் மகளைப் பார்க்காமல் படுக்கையில் கிடக்கிறாள். அண்ணன்கள் வருவார்கள், கொஞ்சம் சத்தம் போடுவார்கள், அழுவார்கள், தங்கையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். குடும்பம் ஒன்று சேரும். மேடையில் ஓர் இடம் காலியாகும். இரண்டாவது விஷயத்தை நான் முதலாவதற்குப் பிறகுதான் நினைத்தேன் என்று சத்தியம் செய்ய எனக்கு ஆசை. செய்ய மாட்டேன்.

திருமலைதான் எடுத்தான். முரடனாக இருப்பான் என்று எதிர்பார்த்தேன். இல்லை, பணிவான குரல். உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள், நன்றாகப் பாடுகிறாள், வருகிற சனிக்கிழமை சாயங்காலம் இந்த இடத்துக்கு வந்தால் பார்க்கலாம் என்று சொன்னேன். இடத்தின் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு, “ரொம்ப நன்றிண்ணே. அம்மா அழுதுக்கிட்டே இருக்கா” என்றான். எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகத்தான். திரும்பிப் போய் அன்றைய ரப்பர் முழுவதையும் சரிபார்த்தேன். ஒரு பிசிறு தவறவில்லை.

அவன் மறுபடி கூப்பிட்டது இரண்டு நாள் கழித்து. இந்தத் தடவை தங்கையைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

“அந்தப் பய எப்படி இருப்பான்ணே இப்ப? தாடி கீடி வச்சிருக்கானா?”

இல்லை என்றேன்.

“மேடையில எந்தப் பக்கம் நிப்பான்? கூட்டத்துல ஆள் மாறிரக் கூடாது பாருங்க.”

மேடம், இந்த இடத்தில் ரைட்டர் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். பார்க்கலாம். நானும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள். போனை அணைத்திருக்கலாம். எழிலிடம் சொல்லியிருக்கலாம், அவன் அந்த நேரத்தில் கேன்டீனில்தான் இருந்தான், எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் குழுவின் உடையைப் பற்றி யோசித்தேன். நாங்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை என்று முடிவாகியிருந்தது. எல்லோரும் வெள்ளையாக இருந்தால் அவன் சொல்கிற மாதிரி ஆள் மாறிவிடலாம். அந்தோணிராஜும் ஒல்லிதான்.

“அவன் மட்டும் மஞ்சச் சட்டை போட்டுக்கினு இருப்பான்” என்று சொன்னேன்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு கடையில் அந்தச் சட்டையை வாங்கினேன். காலர் வைத்தது, நல்ல காட்டன். கலைமதி அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். விழா அன்று அதை எழிலிடம் கொடுத்தேன். அவனுக்குக் கூச்சம்.

“எனக்கு மட்டும் எதுக்குண்ணே மஞ்ச?”

“பறக்காரன் தனியா தெரியணும்யா. உன் கைதான இன்னிக்கு குழுவே.”

சட்டையைத் தடவிப் பார்த்தான். பையில் வைத்திருந்த அவன் பழைய வெள்ளைச் சட்டையை மடித்து உள்ளே தள்ளினான். பிறகு குனிந்து என் காலைத் தொடப் போனான். நான் தடுத்துவிட்டேன். எங்கள் குழுவில் அந்த வழக்கமெல்லாம் கிடையாது.

விழா நன்றாகத்தான் ஏற்பாடாகியிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்கிறவர்கள் ஒரு குழுவாக அவர்கள் ஊர் மேளத்தோடு வந்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கிட்டார் வைத்துக் கும்மி பாடினார்கள். ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் அடிக்கிற ஹார்ன் நடுநடுவே வந்து விழுந்தது. அதற்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நிறையப் பேர் வந்திருந்தார்கள். பொழுது சாயவில்லை. அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு கூட்டத்தில் எதுவும் நடக்காது என்று நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

கரும்புச்சாற்றுக் கடைக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். பேச்சு தெற்கத்திப் பேச்சு. அதில் ஒருவனுக்கு மாரிசெல்வியின் மூக்கு. போய் வணக்கம் சொன்னேன். திருமலை தன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எனக்கும் ஒரு சாறு சொன்னான். பாடுவதற்கு முன் ஐஸ் ஆகாது என்று மறுத்துவிட்டேன்.

“அவன் எங்கண்ணே? மேடையில காணல.”

பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகிச் சத்தம் எழும். மேடைக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது என்று ஜாய் சொல்லியிருந்ததால், எழில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் வைக்கோல் போட்டு எரித்துக்கொண்டிருந்தான். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. புகை மட்டும் மேலே தெரிந்தது.

நான் பேசவில்லை, மேடம். புகையைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள்.

மேடைக்குப் போனேன். ஜாய் எங்கள் பெயரை அறிவித்துவிட்டார். மாரிசெல்வி முக்காட்டைச் சரி செய்துகொண்டே பின்பக்கம் பார்த்தாள்.

“அவிய இன்னும் வரலயேண்ணே.”

“பற காய்ச்சிக்கினு கீறான். நீ மைக்கப் பாரு.”

“நான் போயிக் கூட்டிட்டு வாரேன்.”

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் வருவதற்குள் நான் ஒரு பாட்டு ஆரம்பிக்கிறேன், கூட்டத்தைக் காக்க வைக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அவள் நான் சொன்ன எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு நடு மைக்குக்கு நடந்தேன். சாதியைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கைதட்டல் விழுந்தது. பாட ஆரம்பித்தேன்.

இரண்டாவது சரணத்தில் கூட்டம் எழுந்து நின்றது. பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைவரை எழுந்தார்கள். சிலர் கையைத் தூக்கினார்கள். யாரோ கத்தினார்கள். எனக்காகத்தான் என்று நினைத்தேன், மேடம். நானும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாடினேன். அந்தோணிராஜ் டோலக்கை நிறுத்தியதுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது மேடையில் நான் மட்டும் இருந்தேன். மாரிசெல்வி படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். முக்காடு நழுவியிருந்தது. அவள் முகத்தைக் கூட்டம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

நான் போய்ச் சேரும்போது அவள் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். சட்டையில் மஞ்சள் அதிகம் மிச்சமில்லை. வைக்கோல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது; பறை அதன் பக்கத்தில், கருகிப் போகாமல், சுவரில் சாய்ந்திருந்தது. வெட்டு விழுவதற்கு முன் அவன் அதை எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன்பே கை சில்லிட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று பேரும் கோர்ட்டில் சரணடைந்தார்கள். மாரிசெல்விக்குப் போக்கிடம் இல்லை. கலைமதி அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் சாப்பிடவில்லை, அறையை விட்டு வரவில்லை. ஒரு நாள் மட்டும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“நான்தாண்ணே கொன்னுட்டேன். அம்மாகிட்டப் பேசாம இருந்திருந்தா அவங்களுக்குத் தடம் தெரிஞ்சிருக்காதுல்லா.”

நான் அவள் தலையைத் தடவினேன். “வுடும்மா. உன் தப்பு இல்ல” என்றேன். நான் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவள் என் கையில் முகத்தை வைத்து அழுதாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். ஒருத்தருக்கு ஆறுதல் சொன்ன திருப்தி.

இரங்கல் கூட்டம் நான்தான் ஏற்பாடு செய்தேன். தலைமை, வரவேற்பு, பாட்டு எல்லாம் நான். எழிலுக்காக ஒரு பாட்டு எழுதிப் பாடினேன். அழுகையில் பிசிறு தெரியாது. அதனால் எனக்கு அது தோதாக அமைந்தது. யாரோ அதைப் படம் பிடித்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். நிறையப் பேர் பார்த்தார்களாம். ஜாய் கண்ணீரோடு போன் செய்து, சென்னை மேடையில் அதே பாட்டைப் பாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நடு மைக்கில்.

நீங்கள் இன்று காலை வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாட்டைத்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். திருமலையின் போனில் என் நம்பர் இருக்கிறது என்றீர்கள். மாரிசெல்வி உடனே குறுக்கே வந்தாள். அது தான் அம்மாவிடம் பேசியது, அண்ணன் பாவம், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று உங்கள் காலில் விழாத குறையாகச் சொன்னாள். நீங்கள் தேதிகளைச் சொன்னீர்கள். ஒன்று அவள் பேசிய நாள். மற்றவை விழா நடந்த வாரம். எனக்காக வாதாடிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் நின்றாள். என்னைப் பார்த்தாள். எழிலின் பறை எங்கள் கூடத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போய் வெயிலில் நின்றாள்.

கலைமதி மட்டும் பேசினாள். என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை.

“அந்தச் சட்டைக்கு நான்தான இஸ்திரி போட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். 

வக்கீல் வேறு மாதிரி சொல்லச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். குடும்பத்தைச் சேர்த்துவைக்க நினைத்தேன், இப்படி ஆகும் என்று தெரியாது என்று சொல்லலாம். பாதிப் பேர் நம்புவார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். ஆனால் ரைட்டர் சார் இவ்வளவு நேரம் கை வலிக்க எழுதியிருக்கிறார். அவரை ஏமாற்றக் கூடாது. எழில் எந்தப் பக்கம் நிற்பான் என்று திருமலை கேட்டபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சட்டையின் நிறத்தைச் சொன்னேன். தெரிந்துதான் புகையைப் பார்த்தேன். அவளைப் போக விடாமல் கையைப் பிடித்ததும் தெரிந்துதான். எழிலரசனை வெட்டியது அவர்கள். கொன்றது நான். இதை இப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எங்கே, இந்த இடத்திலா.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும், மேடம். வேறு எதிலும் கை வைக்க வேண்டாம். முதல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் ‘தனியார் கம்பெனி ஊழியர்’ என்று இருக்கிறது. பேப்பர்காரர்கள் இதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள் இல்லையா. அதை அடித்துவிட்டு, ‘பாடகர்’ என்று போட முடியுமா?